அரெனி: மூன்று பட்டங்களும் உதிர்ந்துபோன அடைமொழிகளும்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து ஈரான் எல்லையை நோக்கித் தெற்கே போகும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் அரெனி வந்துவிடும். ஊர் வந்ததைப் பெயர்ப்பலகைக்கு முன்னாலேயே சாலையோரக் கடைகள் சொல்லிவிடும். மேசை போட்டு, வரிசையாகக் கோலா பாட்டில்களை அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே கோலா இல்லை, வீட்டில் போட்ட சிவப்பு ஒயின். இந்தச் சாலையில் ஈரானிய லாரிகள் நிறையப் போகும். அந்த நாட்டில் மதுவுக்குத் தடை. கோலா பாட்டிலில் இருந்தால் எல்லையில் யார் கண்ணையும் உறுத்தாது என்பதால்தான் இந்தப் பழக்கம் வந்தது என்று சொல்வார்கள். காலி பாட்டில் சும்மா கிடைக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊருக்கு 2009க்கும் 2011க்கும் இடையில் அடுத்தடுத்து மூன்று பட்டங்கள் கிடைத்தன. உலகின் மிகப் பழைய மூளை, உலகின் மிகப் பழைய காலணி, உலகின் மிகப் பழைய ஒயின் ஆலை. மூன்றும் ஒரே குகையிலிருந்து வந்தவை. ஆய்வாளர்கள் இவற்றை அறிவித்தபோது ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி சேர்த்துத்தான் சொன்னார்கள். செய்தித்தாளுக்கு வரும்போது அந்த அடைமொழி பாதி தேய்ந்தது. சுற்றுலா வண்டியில் ஒலிபெருக்கி பிடிக்கும் வழிகாட்டியிடம் வந்து சேர்வதற்குள் முழுசாகவே உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் அரெனியிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே கேள்வி. நிறையவே மிஞ்சுகிறது என்பது என் கணிப்பு. ஆனால் மிஞ்சுவது வேறு மாதிரியானது.

இடம்

அரெனி வயோத்ஸ் ட்சோர் மாகாணத்தில் அர்பா ஆற்றங்கரையில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். கோடையில் வெயில் கொளுத்தும், மழை குறைவு, குளிர்காலத்தில் பனி. ஊருக்குக் கொஞ்சம் கிழக்கே க்னிஷிக் என்ற சின்ன ஆறு குறுகலான ஒரு பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு வந்து அர்பாவில் கலக்கிறது. இருபுறமும் செங்கல் நிறத்தில் செங்குத்தான பாறைச் சுவர்கள். அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே குகை. ஊர்க்காரர்களுக்கு அது பறவைக் குகை. தொல்லியல் பதிவேட்டில் அதன் பெயர் அரெனி-1. அதே பள்ளத்தாக்கில் சுமார் எட்டு கிலோமீட்டர் உள்ளே போனால் நோரவாங்க் மடாலயம்.

மேற்கே மலைகளைத் தாண்டினால் நகிச்செவான், அஜர்பைஜானின் பகுதி. அதன் தென்பகுதியில் அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்ஃபா நகரத்து ஆர்மீனியர்களைத்தான் 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் மொத்தமாக இஸ்ஃபஹானுக்குக் குடிபெயர்த்தார். அங்கே அவர்கள் உருவாக்கிய புது ஜுல்ஃபாவிலிருந்து கிளம்பிய வணிகர்கள் சென்னை வரைக்கும் வந்தார்கள். ஜார்ஜ் டவுனில் அவர்கள் பெயர் தாங்கிய ஆர்மீனியன் தெரு நம் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆயிற்று. அரெனிக்கும் இதற்கும் நேரடியாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் வரைபடத்தில் விரலை வைத்தால் இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன.

வலது கால் காலணி

2007இல் ஆர்மீனியத் தொல்லியல் இனவரைவியல் நிறுவனத்தின் போரிஸ் கஸ்பரியான் தலைமையில் குகையில் முறையான அகழாய்வு தொடங்கியது. அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகத்திலிருந்து ரான் பின்ஹாசி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து கிரெகரி அரெஷியன் என்று வெளிநாட்டுக் கூட்டும் உண்டு. 2008இல், அப்போது ஆய்வு மாணவியாக இருந்த டயானா சர்தாரியான் ஒரு குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார். மேலே ஓர் உடைந்த பானை கவிழ்ந்து கிடந்தது. அதற்கும் கீழே, குழியின் அடியில் காலணி. அதுவும் கவிழ்ந்தே கிடந்தது. பக்கத்தில் காட்டு ஆட்டுக் கொம்புகள்.

காலணியைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஒரே துண்டு மாட்டுத்தோல். தனியாக அடித்தோல் வைத்துத் தைக்கவில்லை. தோலைக் காலைச் சுற்றி மடித்து, முன்பக்கம் ஒரு பிளவு, குதிகால் பக்கம் ஒரு பிளவு விட்டு, இரண்டையும் தோல் வாரால் துளை துளையாகக் கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வார்கூட அறுபடாமல் இருக்கிறது. நீளம் 24.5 சென்டிமீட்டர், இன்றைய ஐரோப்பிய அளவில் 37. பெண்ணின் கால் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்து ஆணின் காலாகவும் இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். போட்டுத் தேய்ந்த காலணி; பெருவிரலும் குதிகாலும் அழுத்திய இடங்கள் தெரிகின்றன. உள்ளே புல் திணித்திருந்தது. குளிருக்குக் கதகதப்பாக இருக்க வைத்ததா, கழற்றி வைக்கும்போது வடிவம் கெடாமல் இருக்க அடைத்ததா என்று ஆய்வறிக்கை முடிவு கட்டவில்லை. இரண்டாவது என்றால், நாம் புதுச் செருப்புப் பெட்டியைத் திறக்கும்போது கசங்கிய தாளை வெளியே எடுக்கிறோமே, அதே வேலை.

இவ்வளவு நல்ல நிலையில் இருந்ததால், ஓர் அறுநூறு எழுநூறு ஆண்டுக்கு முந்தைய பொருளாக இருக்கும் என்றுதான் குழுவினர் முதலில் நினைத்தார்கள். தோலின் துணுக்குகளும் புல்லும் இரண்டு தனித்தனி ஆய்வகங்களுக்கு, ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கலிஃபோர்னியாவின் இர்வைனுக்கும், ரேடியோ கார்பன் சோதனைக்குப் போயின. வந்த விடை பொ.ஆ.மு. 3600க்கும் 3300க்கும் இடைப்பட்ட காலம். எகிப்தின் பெரிய பிரமிடு எழும்ப இன்னும் ஓராயிரம் ஆண்டு கிடந்தது. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ‘பனி மனிதன்’ ஓட்ஸியின் காலணிகளைவிடவும் சில நூறு ஆண்டுகள் மூத்தது. 2010 ஜூனில் ஆய்வறிக்கை வெளிவந்தது.

சரி, அடைமொழி என்ன? ‘தோல்.’ அரெனியில் கிடைத்தது அறியப்பட்டவற்றில் மிகப் பழைய தோல் காலணி. வெறும் காலணி என்றால் கதை வேறு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஃபோர்ட் ராக் குகையில் 1938இல் கிடைத்த செருப்புகள் செடிப்பட்டையால் பின்னியவை. அவற்றின் வயது 9,000 ஆண்டுகளுக்கும் மேல். அரெனிக் காலணியைவிட மூவாயிரம் ஆண்டுகளுக்கும் அதிகமான மூப்பு. இதை அரெனிக் குழு ஒளிக்கவே இல்லை, தலைப்புதான் ஒளித்தது.

எனக்கு இந்தக் காலணியில் வயதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அயர்லாந்தின் மேற்கே ஆரன் தீவுகளில் ‘பாம்பூட்டி’ என்று ஒரு காலணி உண்டு. ஒற்றைத் தோலை மடித்து வாரால் இழுத்துக் கட்டுவது. 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் மீனவர்கள் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெட்டு, ஒரே கட்டு. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்களா, அல்லது ஒரு தோலும் ஒரு காலும் இருந்தால் கை தானாக அந்த வடிவத்துக்குத்தான் போகுமா என்பதற்கு ஒரு குகையின் குழி பதில் சொல்லாது. ஆனால் 5,500 ஆண்டுக்கு முந்தைய ஒருவர் செய்ததில் திருத்துவதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஆட்டுப்புழுக்கை

தோலும் புல்லும் விதையும் சாதாரணமாக மண்ணுக்குள் நூறு ஆண்டு தாங்காது. இங்கே எப்படித் தாங்கின? முதல் காரணம், குகை வறண்டது; உள்ளே ஈரம் ஏறுவதில்லை, வெயிலும் மழையும் எட்டுவதில்லை. இரண்டாவது காரணம் ஆடு. பின்னாளில் இடையர்கள் குகையைப் பட்டியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக விழுந்த புழுக்கை மிதிபட்டு, காய்ந்து, இறுகி, கீழே இருந்த செப்புக் காலத் தளத்தின் மேல் கெட்டியான மூடி போலப் படிந்துவிட்டது. காற்றும் பூச்சியும் உள்ளே போக வழியில்லை.

அந்த மூடிக்குக் கீழே கிடைத்தவற்றைப் பார்த்தால் காலணி அதில் ஒன்று, அவ்வளவுதான். பெரிய பெரிய மட்பாண்டங்களில் கோதுமை, பார்லி, வாதுமைப் பழம் எனப்படும் ஆப்ரிகாட். கயிறு. நாணல் பின்னல். ஒரு கோட்டைச் சுவரோ அரண்மனையோ சொல்லாத விஷயங்களை ஒரு வீட்டுப் பரண் சொல்லும், இல்லையா? அது மாதிரி. உலகம் முழுக்க அந்தக் காலத்து மக்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கல், எலும்பு, ஓடு. அவர்கள் உடுத்ததும் பின்னியதும் தின்றதும் மக்கிப்போயின. அரெனி-1இல் மக்காமல் இருந்தது. இதற்கு எந்தப் பட்டமும் கிடையாது. குகையின் உண்மையான பெருமை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தாழிக்குள் தலை

மூளை விஷயம் சுருக்கமாக. குகையின் உள்ளே மட்பாண்டங்களுக்குள் மூன்று மண்டையோடுகள் கிடைத்தன. மூன்றும் பதின்ம வயதைச் சுற்றிய பிள்ளைகளுடையவை. ஒன்றில் மூளைத் திசு சுருங்கிக் காய்ந்து மிஞ்சியிருந்தது. 2009 தொடக்கத்தில் இது அறிவிக்கப்பட்டபோது, ‘பழைய உலகத்தின்’ மிகப் பழைய மனித மூளை என்றார்கள். அதாவது ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவுக்குள். அடைமொழி அவசியம்தான். ஏனென்றால் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் விண்டோவர் என்ற சதுப்புக் குட்டையில் 7,000 ஆண்டுகளுக்கும் மூத்த மண்டையோடுகள் பலவற்றில் மூளைத் திசு கிடைத்திருக்கிறது. பட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று பிள்ளைகளின் தலையை ஏன் பானைக்குள் வைத்தார்கள் என்பதைப் பற்றி வழிகாட்டிகள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

மிதிதொட்டி

மூன்றாவது பட்டம்தான் ஊரின் பிழைப்போடு ஒட்டிக்கொண்டது. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2007இலேயே குகைத் தரையில் திராட்சை விதைகள் தென்பட்டன. தொடர்ந்து தோண்டியதில் 2010இல் முழு அமைப்பும் வெளிப்பட்டது. களிமண் பூசிய ஆழமில்லாத ஒரு தொட்டி, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், சுற்றிலும் கரை கட்டியது. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சாய்வு முடியும் இடத்தில் தரைக்குள் புதைத்த ஒரு தாழி, அறுபது சென்டிமீட்டர் ஆழம், ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். தொட்டியில் காலால் மிதித்தால் சாறு வழிந்து தாழிக்குள் இறங்கும். குகையின் குளிர்ச்சியில் அங்கேயே நொதிக்கும். சுற்றிலும் பிழிந்த சக்கை, விதை, காய்ந்த கொடி. பக்கத்திலேயே குடிக்கும் கிண்ணம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளக்கூடிய அமைப்பு. ஆர்மீனியாவிலும் ஜார்ஜியாவிலும் கிராமத்துப் பெரியவர்களிடம் காட்டினால் இது எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் பார்த்தால் புரிகிறது என்பது சான்றாகாது. ஓடுகளில் ஒட்டியிருந்த கறையை லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வகத்தில் சோதித்தார்கள். மால்விடின் என்ற நிறமி இருந்தது. சிவப்புத் திராட்சைக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது அதுதான். இங்கே ஓர் இடைஞ்சல்: மாதுளையிலும் மால்விடின் உண்டு. ஆர்மீனியாவில் மாதுளைக்குப் பஞ்சமே இல்லை. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதி, ஆனால் குகையில் மாதுளையின் எச்சம் எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் திராட்சை என்று சொன்னார்கள். தொட்டி, விதை, சக்கை, நிறமி நான்கும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பதால்தான் வாதம் நிற்கிறது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளாடும். காலம் பொ.ஆ.மு. 4100 முதல் 4000 வரை. 2011 ஜனவரியில் அறிவிப்பு.

இங்கே அடைமொழி ‘ஆலை.’ அதாவது திராட்சையை மிதிப்பது, சாற்றை வடிப்பது, நொதிக்க விடுவது எல்லாம் ஒரே இடத்தில் ஒரே ஏற்பாடாக அமைந்த கூடம். அறியப்பட்டவற்றில் இதற்கு மூத்தது அறிவிப்பு வந்தபோது இருக்கவில்லை. ‘ஒயின்’ என்று மட்டும் சொன்னால் அரெனி அப்போதே முதலிடத்தில் இல்லை. ஈரானின் வடமேற்கில் ஹாஜி ஃபிரூஸ் மேட்டில் கிடைத்த சாடிகள் பொ.ஆ.மு. 5400-5000 என்று அதற்கு முன்பே தெரியும். 2017இல் ஜார்ஜியாவின் கடச்ரிலி கோரா, ஷுலவேரி கோரா என்ற இரண்டு மேடுகளில் எடுத்த சாடி ஓடுகளில், திராட்சை ஒயினின் அடையாளமாகக் கொள்ளப்படும் டார்டாரிக் அமிலம் இருப்பதாக முடிவு வந்தது. காலம் பொ.ஆ.மு. 6000-5800. ஒரே வீச்சில் அரெனியைவிடச் சுமார் ரெண்டாயிரம் ஆண்டு மூப்பு.

ஆர்மீனியர்களும் ஜார்ஜியர்களும் ஒயின் யாருடையது என்று சளைக்காமல் வாதாடுவார்கள். அதில் தலையிட்டு ஒரு பயனும் இல்லை. ஜார்ஜியாவில் கிடைத்தது ஒயின் இருந்த சாடி. அரெனியில் கிடைத்தது ஒயின் செய்த கூடம். ஒரு பக்கம் குழம்பு இருந்த சட்டி, இன்னொரு பக்கம் அடுப்பும் அம்மியுமாக முழு அடுக்களை. எது மூத்தது என்ற கேள்விக்கு விடை எண். எது அதிகம் சொல்கிறது என்று கேட்டால் அடுக்களைக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம், இந்தக் கூடம் இருந்த இடம். சுற்றிலும் கல்லறைகள். மண்டையோட்டுப் பானைகளும் இதே குகையில்தான். அன்றாடம் குடிக்கப் போட்ட ஒயின் இல்லை இது, செத்தவர்களுக்கான சடங்கோடு சேர்ந்தது என்று அரெஷியன் கருதினார். அது சரியென்றால் ‘ஆலை’ என்ற சொல்லே கொஞ்சம் இடிக்கிறது. ஐம்பது லிட்டர் தாழியைக் கொண்டு வியாபாரம் நடக்காது. ஒரு கருமாதிக்குப் போதும்.

கொடி ஒன்றா?

ஒயின் பாட்டில் லேபிள்களில் 6,100 ஆண்டு என்ற எண்ணைப் பார்த்தவர்கள், குகையில் மிதித்த அதே திராட்சையைத்தான் இன்று குடிக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரெனி என்பது ஊர்ப்பெயர் மட்டும் இல்லை, ஒரு திராட்சை ரகத்தின் பெயரும்கூட. கறுத்த, தோல் தடித்த, தாமதமாகப் பழுக்கிற இந்த மலையகத்து ரகம். பகலில் வெயிலும் இரவில் குளிருமாக மாறி மாறி அடிக்கும் இந்த உயரத்துக்குத் தோதானது. குகையில் கிடைத்த விதைகள் பயிரிட்ட திராட்சை இனத்தைச் சேர்ந்தவை என்றுதான் 2011 ஆய்வு சொன்னது. இன்றைய அரெனி ரகமேதான் அது என்று சொல்லவில்லை. இடையில் ஆறாயிரம் ஆண்டும் எத்தனையோ படையெடுப்பும் இருக்கின்றன.

கொடியைப் பற்றிப் பெருமைப்பட உறுதியான ஒரு விஷயம் தனியாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் வயோத்ஸ் ட்சோருக்குள் வரவில்லை. பிரான்ஸிலும் இத்தாலியிலும் இன்று பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியவை. இங்கே கொடி தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. இது 6,100 என்ற எண்ணைவிடப் பெரிய செய்தி என்பது திராட்சை பயிரிடுபவர்களுக்குத் தெரியும். ஆனால் லாரியை நிறுத்துவதற்கு உதவாது.

மோமிக்கின் கல்

ஊருக்குப் பக்கத்தில் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் அன்னை மரியாளின் கோயில் இருக்கிறது, சுர்ப் அஸ்த்வத்ஸத்ஸின். 1321இல் கட்டியது. கட்டியவர் மோமிக். கட்டடக் கலைஞர், சிற்பி, ஓலைச்சித்திரம் போல ஏட்டுச் சித்திரம் தீட்டியவர், மூன்றும் ஒரே ஆள். மேற்கு வாசலுக்கு மேல் மரியாளும் குழந்தையும், சுற்றிலும் படர்ந்த கொடி வேலைப்பாடு. உள்ளே குவிமாடத்தைத் தாங்கும் நான்கு மூலைகளிலும் நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்கள். குவிமாடம் 1840 நிலநடுக்கத்தில் விழுந்து 20ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டப்பட்டது. ஆகஸ்ட் நடுவில் மரியாளின் திருநாளையொட்டி ஆர்மீனியக் கோயில்களில் திராட்சையை மந்திரிப்பார்கள். அதுவரைக்கும் புதுத் திராட்சையைத் தின்னாமல் இருப்பது மரபு. திராட்சை ஊரில், மரியாள் கோயிலில் அந்த நாள் எவ்வளவு பொருத்தமாக விழுகிறது பாருங்கள்.

ஆனால் யெரெவானில் விற்கும் ஒருநாள் சுற்றுலா பெரும்பாலும் இப்படித்தான் போகும்: காலையில் கோர் விராப் மடாலயம், அப்புறம் அரெனியில் ஒயின் ருசி பார்ப்பது, சிலவற்றில் குகை, கடைசியில் நோரவாங்க். ஊரின் சொந்தக் கோயிலுக்கு மேடேற வண்டிக்கு நேரமில்லை. பட்டம் இல்லாத இடத்துக்கு இதுதான் கதி. ஆண்டு, கட்டியவர் பெயர் என்று எல்லாம் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே இடம் ஊருக்குள் அதுதான் என்பது கொஞ்சம் வேடிக்கை.

நோரவாங்க் அப்படி ஓரங்கட்டப்பட்ட இடம் இல்லை. பள்ளத்தாக்குச் சாலை வளைந்து வளைந்து ஏறி முடியும் இடத்தில், சிவந்த பாறைகளுக்கு நடுவே ஒரு திட்டில் நிற்கிறது. 1205இல் ஹோவ்ஹான்னெஸ் என்ற ஆயர் நிறுவியது. இந்த வட்டாரம் அடங்கிய சியூனிக் பகுதியை ஆண்ட ஓர்பெலியான் குடும்பத்தின் கோயிலும் இடுகாடும் இதுவே. மங்கோலியர் ஆண்ட காலம் அது. பக்கத்து நாடுகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தபோது இங்கே மட்டும் கல்தச்சருக்கு எப்படி ஓயாமல் வேலை இருந்தது? குடும்பத்தின் ஸ்ம்பாத் ஓர்பெலியான் 1250களில் மங்கோலியத் தலைநகர் காரகோரம் வரைக்கும் போய் மங்கோலியப் பேரரசர் மோங்கேயைப் பார்த்து, வரிவிலக்கும் பாதுகாப்பும் வாங்கி வந்தார். அந்தப் பயணத்தின் பலன்தான் இந்தப் பள்ளத்தாக்கில் நிற்கும் கட்டடங்களில் பாதி.

நோரவாங்கில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, முன்மண்டப வாசலுக்கு மேலே பரமபிதாவின் சிற்பம். பெரிய தலை, நீண்ட தாடி, வாதாங்கொட்டை போன்ற கண்கள். ஒரு கை ஆசி தருகிறது, இன்னொரு கையில் ஆதாமின் தலை. தந்தையாகிய கடவுளை மனித உருவில் செதுக்குவது ஆர்மீனியக் கோயில்களில் மிக அரிது. கண்ணை மங்கோலியக் கண்ணாக வைத்தால் வருகிற படை கோயிலை இடிக்காது என்று மோமிக் கணக்குப் போட்டதாக வழிகாட்டிகள் சொல்வார்கள். நல்ல கதை. மெய்ப்பிக்க வழியில்லை.

இரண்டு, இளவரசர் புர்தெல் ஓர்பெலியான் கொடுத்த பணத்தில் எழும்பி 1339இல் முடிந்த இரண்டடுக்குக் கோயில், மோமிக்கின் கடைசி வேலை. கீழே கல்லறை, மேலே வழிபாட்டிடம். மேலே போகப் படிகள் உள்ளே இல்லை. முகப்புச் சுவரிலிருந்தே கற்பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, வாசலின் இரு பக்கமும். ஒரு பாதம் வைக்கத்தான் இடம். பிடிக்கக் கம்பி கிடையாது. ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் சுவரைப் பார்த்துத் திரும்பி, குழந்தை மாதிரி பின்பக்கமாக இறங்க வேண்டும். இளவரசனின் கல்லறைக்கு மேலே போகிற எவரும் வணங்கிய நிலையில்தான் திரும்பி வர முடியும். இது கட்டியவர் நினைத்ததா, தற்செயலா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பக்கத்தில் மோமிக்கின் நினைவுக்கல், சின்னதாக, அலங்காரம் அதிகமில்லாத ஒரு சிலுவைக்கல். மற்றவர்களுக்கு இழை இழையாகக் கல்லில் பின்னல் போட்டவருக்கு இவ்வளவுதான்.

இன்னும் வடக்கே, செவான் ஏரிப் பக்கம் ஏறும் கணவாயில் 2,410 மீட்டர் உயரத்தில் செலிம் சத்திரம். 1332இல் அதே ஓர்பெலியான் குடும்பம் கட்டியது. பட்டுப்பாதை வணிகர்களும் அவர்களுடைய விலங்குகளும் ஒரே கூரைக்குள் தங்க நீளமான கருங்கல் கூடம். ஆர்மீனியத்தில் ஒரு கல்வெட்டு, பாரசீகத்தில் ஒரு கல்வெட்டு. இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு அவரவர் மொழியில் சேதி சொல்லும் வழக்கம் லாரிக் காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஊருக்கு என்ன வந்தது

சோவியத் காலத்தில் குடியரசுகளுக்குள் வேலை பிரித்தபோது ஒயின் ஜார்ஜியாவுக்கும் பிராந்தி ஆர்மீனியாவுக்கும் போனது. ஆர்மீனியத் திராட்சையில் பெரும்பங்கு பிராந்திக்குத்தான். 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது ஒன்றியம் முழுக்கத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. பிறகு ஒன்றியமே இல்லாமல் போனது, வாங்க ஆளில்லை. வயோத்ஸ் ட்சோரில் ஒயினைக் காப்பாற்றியது ஆலைகள் இல்லை, வீடுகள். ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் தரையில் பாதி புதைத்த தாழி, அவர்கள் மொழியில் கராஸ். கோலா பாட்டில் மேசை அந்தத் தாழியிலிருந்து நேராக வந்தது.

பக்கத்து ரிந்த் கிராமத்தில் ஸோரா என்ற ஆலை 2000 வாக்கில் தோட்டம் போட்டு, அரெனி ரகத்தைத் தாழியில் வைத்துச் செய்த முதல் ஒயினுக்கு 2010 அறுவடை. அதாவது குகையின் ஒயின் ஆலை உலகச் செய்தியாவதற்கு முன்பே தோட்டம் வந்துவிட்டது. அரெனி ஒயின் திருவிழாவும் அப்படியே. அக்டோபர் முதல் சனிக்கிழமை, 2009 முதல். எல்லாம் குகையால் வந்தது என்று சொல்வது வசதியான கதை, ஆனால் ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை. கொடி, தாழி, ஈரானுக்குப் போகும் சாலை மூன்றும் ஏற்கெனவே இருந்தன. குகை அதன் மேல் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தது. அந்த எண் உதவியது, சந்தேகமில்லை. ஏற்றுமதிச் சந்தையில் புதிதாக வரும் ஒரு ரகத்துக்கு அறிமுகச் சீட்டு வேண்டுமே.

கொடுத்தது போலவே எடுத்ததும் உண்டு. காலணி இப்போது யெரெவானில், தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில். குகைக்குக் கட்டணம் கட்டிப் போகிறவர்கள் பார்ப்பது தரையில் பாதி புதைந்த தாழிகளையும் குழிகளையும்தான். காலணியை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம். தாழிகளைப் பார்க்க வந்தவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது: ஆறாயிரம் ஆண்டுக்கு முன் புதைத்தபடியே வாய் தெரிய நிற்கின்றன. அங்கிருந்து இறங்கி ஊருக்குள் வந்து யாராவது வீட்டு நிலவறையைக் காட்டச் சொன்னால் அதே மாதிரி வாய், அதே மாதிரி புதைப்பு, மேலே ஒரு மூடி. மொண்டு ஊற்றப் பக்கத்தில் ஒரு காலி கோலா பாட்டில்.